பம்புக்கும் ஒரு வாய் இருக்கு: 10-ஆவது வாரத்துல திரும்ப வந்த காம்பு வலி, ஒரு நிகழ்வு ஆய்வு

நான் 11 வருஷம் பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு இப்ப பால் கொடுக்குற அம்மாக்களுக்கு ஆலோசனை சொல்ற வேலை மட்டும் பார்க்கிறேன். இதுல வர்ற பொண்ணுகிட்ட எழுதினத படிச்சுக் காட்டி, அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் போடறேன், பேரு, ஆஸ்பத்திரி, கம்பெனி எதுவும் இருக்காது. முதல்லயே சொல்லிடறேன், இந்தக் கேஸ்ல தப்பு பண்ணவங்கள்ல நானும் ஒருத்தி, நடுவுல 10 நாள் என்னாலதான் வீணாச்சு.

பின்னணி

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கிற 27 வயசுப் பொண்ணு. முதல் பிரசவம், 38 வாரம் முடிஞ்சு சிசேரியன், பெண் குழந்தை, 2.9 கிலோ. சுகர், தைராய்டு, பிபி எதுவும் இல்ல. தோல் அலர்ஜி உண்டான்னு கேட்டதுக்கு 'இல்ல'ன்னு பதில். அது முழு உண்மை இல்லன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, சின்ன வயசுல முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாடியும் அரிச்சு அரிச்சு தோல் தடிச்சுப்போற தொந்தரவு இருந்திருக்கு, பத்தாவது படிக்கும்போது போயிருச்சு, போனத எதுக்குச் சொல்லணும்னு யாரும் சொல்லல, நானும் தோண்டிக் கேக்கல.

வேலை வவுச்சர் சம்பளம், அதாவது கம்பெனியோட நிரந்தர ஆள் கணக்குல பேர் இருக்காது. சட்டப்படி பார்த்தா, பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தாலே முதல் குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, 26 வாரம்கிறது 2017-ல வந்த திருத்தம். திரும்ப வேலைக்கு வந்தப்புறம் குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்க ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளையும் உண்டு. இவங்க கேட்டுப் பார்த்திருக்காங்க, "வவுச்சர்ல இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் வராதும்மா"ன்னு பதில் வந்துச்சு, அத்தோட விட்டுட்டாங்க. ஆர்டர் சீசன், 11-ஆவது வாரம் வேலைக்கு வந்தே ஆகணும். பால் எடுக்கிற பம்ப் இந்தக் கதைக்குள்ள வந்ததே அதனாலதான், அதனால இத இங்க சொல்லி வெக்கிறேன்.

முதல் ரெண்டு வாரம்

முதல் தடவ வலி வந்தது மூணாவது நாள். சிசேரியன் தையல் இழுக்கும்னு மல்லாந்து படுத்தபடியே, பக்கத்துல இருந்தவங்க குழந்தைய தூக்கிட்டு வந்து மேல வெச்சுப் பால் கொடுத்திருக்காங்க. குழந்தை வாய் முழுசா திறக்கறதுக்குள்ள காம்ப மட்டும் உள்ள தள்ளிவிட்டா அது நுனிய மட்டும்தான் பிடிக்கும், அப்படித்தான் பிடிச்சிருக்கு. நான் போய்ப் பார்த்தப்ப பால் குடிச்சு விட்டதும் காம்பு புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு நசுங்கி இருந்துச்சு, வலது பக்கம் அடியில ஒரு வெடிப்பு. இந்த வடிவத்தப் பார்த்தா வேற எதையும் தேட வேண்டியதில்ல, குழந்தையோட நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவுல காம்பு மாட்டி நசுங்குதுன்னு அர்த்தம். ஆழமா பிடிச்சா காம்பு நுனி மெத்துன்னு இருக்கிற பின்அண்ணம் பக்கம் போயிடும், நசுங்காது.

நாலாவது நாள் பால் இறங்கி மார்பு கல்லாட்டம் ஆச்சு. மாமியார் அன்போடத்தான் சொன்னாங்க, "அம்முணி, மல்லிப்பூ வாங்கி வெச்சுக் கட்டுனா இறுக்கம் எறங்கிரும், எங்க காலத்துல அதானே"ன்னு. நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அது மூடநம்பிக்கைன்னு இல்ல, அது வேலை செய்யும்கிறதாலதான். குழந்தை தவறினவங்களுக்கும் பால் நிறுத்த வேண்டியவங்களுக்கும் நம்ம ஊர்ல மல்லிப்பூ கட்டுறது பழைய வழக்கம், வேலூர்ல அத முறையா சோதிச்சுப் பார்த்து 1988-ல வெளியிட்ட ஆய்வுல, பால் நிறுத்தக் கொடுக்கிற மாத்திரைக்கு ஈடா அது பால குறைச்சிருக்கு. பால் வேணும்னு நினைக்கிறவங்க இறுக்கத்துக்காக அதக் கட்டக்கூடாது. அதுக்குப் பதிலா காம்பச் சுத்தி கருவளையத்துல விரல் நுனிய வெச்சு நெஞ்சுப் பக்கமா ஒரு நிமிஷம் மெதுவா அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், அங்க தேங்கின நீர் கொஞ்சம் பின்னாடி போயி இடம் இளகும், குழந்தைக்கு வாய் நிறையப் பிடிக்க வசதியாகும்.

கக்கத்துக்குக் கீழ தலகாணி வெச்சு குழந்தையோட கால் அம்மாவோட முதுகுப் பக்கம் போற மாதிரி பிடிக்கக் கத்துக்கொடுத்தோம், தையல் மேல பாரம் விழாது. குழந்தையோட மூக்குக்கு நேரா காம்பு, தாடை முதல்ல மார்புல படணும், கொட்டாவி விடற மாதிரி வாய் திறந்ததும் குழந்தைய இழுத்து மார்போட சேர்க்கணும், மார்ப குழந்தைகிட்ட கொண்டுபோகக் கூடாது. வெடிப்புக்கு கடைசியா வர்ற பால் ரெண்டு சொட்டு தடவிக் காயவிடறது மட்டும்தான், க்ரீம் எதுவும் சொல்லல. மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பார்க்கிற காக்ரேன்ங்கற அமைப்பு 2014-ல தொகுத்த ஆய்வுலயும் அதான் வந்துச்சு, லானோலின் மாதிரி பூச்சு எதுவும் தாய்ப்பால் தடவுறதையோ ஒண்ணுமே தடவாம விடறதையோ விடத் தெளிவா மேலன்னு நிரூபணம் ஆகல, பெரும்பாலானவங்களுக்கு எப்படி இருந்தாலும் 7-லருந்து 10 நாள்ல வலி லேசாயிடுது.

அஞ்சாவது நாள் 2.66 கிலோவுக்கு இறங்கின குழந்தை 12-ஆவது நாள் பிறந்த எடைய தாண்டிடுச்சு, வெடிப்பும் ஆறிடுச்சு. நான் கேஸ முடிச்சிட்டேன். இந்தப் பகுதி எல்லாருக்கும் நடக்கிறதுதான், நான் எழுத வந்தது இதுக்கு அப்புறம் நடந்தத.

பம்ப் வந்தது

9-ஆவது வாரம் ஆன்லைன்ல ரெண்டு பக்கமும் ஒண்ணா வேலை செய்ற எலெக்ட்ரிக் பம்ப் ஒண்ணு வாங்கினாங்க. பாக்ஸுக்குள்ள மார்புல வெக்கிற புனல், ஃப்ளேஞ்ச்னு போட்டிருக்கும், அது 24 மில்லிமீட்டர்ல ஒரு ஜோடி, 28-ல ஒரு ஜோடி. 24 சின்னது, 28 பெருசு, தனக்கு 24 போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. கடையில ஸ்மால், லார்ஜ்னு ரெண்டே சைஸ் வெச்சிருந்தா யாருமே மூணாவதா ஒண்ணு இருக்கும்னு யோசிக்க மாட்டோம் இல்லையா.

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல ஸ்டாக் சேர்க்கணும்னு ஒரு நாளைக்கு மூணு தடவ, ஒவ்வொரு தடவயும் 35 நிமிஷம். பம்புல இழுக்கிற பலம் 1-லருந்து 9 வரைக்கும், முதல் நாள்லருந்தே 9. அதிகமா இழுத்தா அதிகமா வரும்னு நினைச்சாங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து 50 மில்லி, 60 மில்லி, அதுக்கு மேல ஏறல, ஏறலன்னு இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்காங்க. பால் பம்ப் கிணத்து மோட்டார் மாதிரி இல்ல, உடம்பு பால விட்டாத்தான் வரும், வலி இருந்தா அந்தப் பால் விடற சுரப்பே தடைபடும், அதனால வலிக்கிற அளவுக்கு இழுத்தா கிடைக்கிறது குறையத்தான் செய்யும்.

அஞ்சாவது நாள்லருந்து காம்பு எரிய ஆரம்பிச்சுது. ரெண்டு பக்கமும்.

10-ஆவது வாரம், நான் போன்ல சொன்னது

அவங்க எனக்கு போன் பண்ணாங்க, வாட்ஸ்அப்ல ரெண்டு போட்டோ அனுப்பினாங்க. "சிஸ்டர், பால் குடிச்சு முடிச்சப்புறமும் எரியுதுங்க, உள்ள ஊசி குத்துற மாதிரி இருக்குங்க, துணி பட்டாலே தாங்கல"ன்னாங்க. போட்டோவுல காம்பும் சுத்தியும் சிவந்து லேசா பளபளன்னு இருந்துச்சு. குழந்தை நாக்கு வெள்ளையா இருக்கான்னு கேட்டேன், ஆமாங்கன்னாங்க. எரிச்சல், குத்தல், பளபளப்பு, ரெண்டு பக்கமும், வெள்ளை நாக்கு. பூஞ்சையா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

அந்தப் போன்ல நான் கேக்காத கேள்வி ரெண்டு. ஒண்ணு, வலி ஆரம்பிச்சதுக்கு முந்தின வாரம் புதுசா என்ன பண்ணீங்க. ரெண்டு, அந்த வெள்ளை துணிய வெச்சுத் துடைச்சா போகுதா. பூஞ்சைன்னா கன்னத்து உள்பக்கம், உதட்டு உள்பக்கம்லாம் திட்டுத் திட்டா இருக்கும், சுலபமா துடைச்சுப் போகாது. இந்தக் குழந்தைக்கு நாக்குல மட்டும்தான், துடைச்சா போயிடுச்சு, அது வெறும் பால் படிஞ்சது. டயபர் போடற இடத்துலயும் ஒரு சிவப்பும் இல்ல. காம்பு எரிஞ்சாலே பூஞ்சைன்னு சொல்ற பழக்கம் எங்க தொழில்ல ரொம்ப நாளா இருக்கு, அதுல பாதிக்கு மேல வேற ஏதோவாத்தான் இருக்கும்னு எனக்கு இப்பத் தோணுது, அன்னைக்குத் தோணல.

டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு நான் சொன்னது, வீட்டுல மெடிக்கல் ஷாப்புல கேளுங்கன்னு மாறிடுச்சு. ஞாயித்துக்கிழமை, கணவர் போய் "பூஞ்சைக்கு க்ரீம்"னு கேட்டிருக்கார், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூணும் கலந்த ட்யூப். நம்ம ஊர்ல படர்தாமரைக்கு எல்லாரும் சீட்டு இல்லாம வாங்கித் தடவுறது அதுதான். அதோட லானோலின் போட்ட நிப்பிள் க்ரீமும் ஒண்ணு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு ஆன்டிசெப்டிக் கலந்த தண்ணியில ஒவ்வொரு தடவயும் கழுவல் வேற.

இந்த இடத்துலதான் நான் ரெண்டாவது தடவ ஏமாந்தேன். க்ரீம் போட்டு மூணு நாள்ல சிவப்பு நல்லா குறைஞ்சுது. "சிஸ்டர், கேட்டுச்சுங்க"ன்னு மெசேஜ். நானும் அப்ப பூஞ்சைதான்னு உறுதி பண்ணிக்கிட்டேன். ஆனா குறைச்சது ஸ்டீராய்டு. எந்தக் காரணத்தால சிவந்திருந்தாலும் ஸ்டீராய்டு சிவப்ப அமுக்கும், காரணத்தத் தொடாது. அஞ்சாவது நாள் குழந்தை வாயில போகுமேன்னு பயந்து அவங்களே நிறுத்திட்டாங்க, ரெண்டு நாள்ல முன்ன விட மோசமா திரும்ப வந்துச்சு, இந்தத் தடவ அரிப்போட. திரும்பவும் அதே ட்யூப்.

இதுக்கு நடுவுல வேலைக்கும் சேர்ந்துட்டாங்க. துணி சாம்பிள் வெக்கிற ரூம்ல உள்தாழ்ப்பாள் போட்டு ரெண்டு தடவ பம்ப். ஒரு நாள் பால் லேசா ரோஸ் கலர்ல வந்திருக்கு, மாமியார் பார்த்துட்டு கொட்டிட்டாங்க. அது காம்பு வெடிப்புலருந்து கசிஞ்ச ரத்தம், அந்த அளவு குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது, கொடுத்திருக்கலாம். ஆனா அன்னைக்கு அந்தப் பொண்ணு கொட்டினத பார்த்துத்தான் அழுதிருக்காங்க, வலிக்கு அழல.

நேர்ல பார்த்தது

12-ஆவது வாரம் முதல் நாள் வரச் சொன்னேன், "பம்பயும் கொண்டு வாங்க"ன்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு யோசிச்சா, தெளிவா ஒண்ணும் இல்ல, பேசும்போது "ஆபீஸ்ல முடிச்சுட்டு வெளிய வரும்போது நடக்கவே முடியலீங்க"ன்னு அவங்க சொன்ன ஒரு வார்த்தைதான். பால் கொடுத்தப்புறம்னு சொல்லல, பம்ப் முடிச்சப்புறம்னு சொன்னாங்க.

முதல்ல குழந்தைய நேரடியா குடிக்க விட்டுப் பார்த்தேன். வாய் நல்லா திறந்து, ஆழமா, கீழ் உதடு வெளிய மடிஞ்சு பிடிச்சிருந்துச்சு. ஏற்கனவே புண்ணா இருக்கிறதால முதல் சில நொடி வலி, அப்புறம் இல்ல. விட்டதும் காம்பு உருண்டையா, நசுங்காம வெளிய வந்துச்சு. ஆக குழந்தை குற்றவாளி இல்ல.

அப்புறம் பம்ப். 24 புனல வெச்சு 9-ல ஆன் பண்ணாங்க, ரெண்டாவது நிமிஷமே தெரிஞ்சுடுச்சு. காம்பு மட்டும் குழாய்க்குள்ள போயிட்டு வரணும், இங்க கருவளையமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல உள்ள இழுத்துப் போயி குழாய் சுவர்ல உரசிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்தி எடுத்தப்ப காம்பு ஊதிப்போய், கருவளையம் தோசைக்கல்லுல மாவு ஊத்தின விளிம்பு மாதிரி ஒரு வட்டத் தடிப்போட நின்னுச்சு. அந்த வட்டம் புனலோட குழாய் வாய்க்குச் சரியா பொருந்துச்சு.

ஆனா அது மட்டும் இல்ல. சிவப்பு அந்த வட்டத்தோட நிக்கல, கருவளையத்தத் தாண்டி ரெண்டு விரல் அகலத்துக்குப் போயிருந்துச்சு, சொரசொரன்னு, சின்னச் சின்ன நீர்க்கொப்புளத்தோட, அங்கங்க பொருக்கு. பம்ப் உரசல் அங்க போக வாய்ப்பில்ல. எந்த அளவுக்கு க்ரீம் தடவுவீங்கன்னு கேட்டு விரல்ல வரைஞ்சு காட்டச் சொன்னேன், அவங்க விரல் போன எல்லையும் சிவப்போட எல்லையும் ஒண்ணா இருந்துச்சு. அப்பதான் சின்ன வயசு முழங்கை அரிப்பு வெளிய வந்துச்சு.

இல்லாததையும் பார்க்கணும். காய்ச்சல் இல்ல, மார்புல சூடா சிவந்த கட்டி இல்ல, அதனால மார்பு அழற்சி இல்ல. குளிர்ல காம்பு வெளுத்து, நீலமாகி, சிவந்து துடிக்கிற ரத்தக்குழாய் சுருக்கம்னு ஒண்ணு உண்டு, ஏசி ரூம்ல பம்ப் பண்றவங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வி அது, இவங்களுக்கு நிறம் மாறல. குழந்தைக்கு நாக்கு ஒட்டும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததும் எனக்கு ஒரு நிம்மதி, ஏன்னா ஒரே ஒரு பக்கம் மட்டும் காம்புல சொறி மாதிரி வந்து மருந்துக்கும் சில வாரமா ஆறலன்னா அது பால் கொடுக்கிறவங்களா இருந்தாலும் சதை எடுத்துச் சோதிக்கணும், அபூர்வமா அது ஒரு வகைப் புத்துநோயா இருக்கும்.

ஆக ரெண்டு பிரச்சனை ஒண்ணு மேல ஒண்ணு. அடியில புனல் அளவால வந்த காயம், மேல பூசினதால வந்த ஒவ்வாமை அழற்சி. முதல்ல வந்ததுக்கு வைத்தியம்னு போட்டது ரெண்டாவத கொண்டு வந்துச்சு.

எடுத்த முடிவுகள்

அன்னைக்கு சாயங்காலமே மகப்பேறு டாக்டரப் பார்க்க நானே கூடப் போனேன். அவங்களும் பூஞ்சை இல்ல, தொடு ஒவ்வாமைன்னாங்க. லானோலின் ஆட்டு ரோமத்துலருந்து எடுக்கிற மெழுகு, அந்த ட்யூப்ல இருந்த நியோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக், ரெண்டுமே தோல் ஒவ்வாமைக்குப் பேர் போனது, எதால வந்துச்சுன்னு பிரிச்சுப் பார்க்காம எல்லாத்தையும் நிறுத்துறதுன்னு முடிவாச்சு. ஆன்டிசெப்டிக் தண்ணியும் நிறுத்தம், சோப்பும் வேண்டாம். கருவளையத்துல இருக்கிற சின்னச் சின்ன முடிச்சு சுரக்கிற எண்ணெய்தான் அந்தத் தோலுக்குக் காவல், அதக் கழுவிட்டு மேல க்ரீம் பூசுறது கூரையப் பிரிச்சுட்டு குடை பிடிக்கிற கணக்குதான்.

வீரியம் குறைஞ்ச ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் எழுதினாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, பால் கொடுத்து முடிச்ச உடனே ரொம்ப மெல்லிசா, அடுத்த தடவைக்கு முன்னாடி ஈரத்துணியால மெதுவா ஒத்தி எடுத்துடணும், 7 நாள். "அதே ஸ்டீராய்டுதானுங்க கெடுத்துச்சு"ன்னு அவங்க கேட்டாங்க, நியாயமான கேள்வி. டாக்டர் சொன்ன பதில், அந்த ட்யூப்ல இருந்தது மெல்லிய தோலுக்கும் குழந்தை வாய்க்கும் ஆகாத வீரியம், அதோட ஒவ்வாமை தர்ற பொருளும் கூடவே இருந்துச்சு, காரணத்த விலக்கிட்டு குறைஞ்ச வீரியத்துல குறைஞ்ச நாள் போடறது வேற.

பம்ப 48 மணி நேரம் நிறுத்தினோம். காயம் ஆறணும்கிறதோட, வீங்கின காம்ப அளந்தா தப்பான அளவுதான் வரும்கிறதும் ஒரு காரணம். வீட்டுல நேரடியா குழந்தை, ஆபீஸ்ல கையால எடுக்கிறது. கையால எடுக்கிறத நிறைய பேர் காம்பப் பிடிச்சு இழுக்கிறதுன்னு நினைக்கிறாங்க, காம்பத் தொடவே கூடாது, காம்புலருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி கட்டைவிரல் மேல, ரெண்டு விரல் கீழ, முதல்ல நெஞ்சுப் பக்கமா உள்ள அழுத்தி, அப்புறம் விரல்கள ஒண்ணுக்கொண்ணு நெருக்கி, விடறது. முதல் நாள் 25 நிமிஷத்துக்கு 30 மில்லி வந்துச்சு. குறைவுதான், ஆனா வலிக்கல.

மூணாவது நாள் காலையில அளவெடுத்தோம். பம்ப் பண்றதுக்கு முன்னாடி, காம்போட அடியில, கருவளையத்தச் சேர்க்காம குறுக்களவு. இடது 14 மில்லிமீட்டர், வலது 15. அவங்க ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "சிஸ்டர், ஒரு டீ-ஷர்ட்ல கழுத்து ரிப் அரை சென்டிமீட்டர் கூடினா பையர் லாட்டையே திருப்பி அனுப்பிருவாங்க. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் டேப்பும் கையுமாத்தான் இருக்கேன், இத அளக்கணும்னு ஒருத்தர் கூடச் சொல்லலீங்களே"ன்னாங்க. சொல்ல வேண்டியவ நான்தான்.

காம்போட அளவுக்கு மேல ஒண்ணும் சேர்க்காமலோ நாலு மில்லிமீட்டர் வரைக்கும் சேர்த்தோ புனல் எடுக்கிறது இப்ப வழக்கம், எது சரின்னு போட்டுப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். 24 புனலுக்குள்ள சொருகுற சிலிகான் இன்சர்ட்ல 15, 17, 19 மூணும் வெச்சிருந்தேன். 19-ல இன்னும் கருவளையம் உள்ள போச்சு, 15-ல வலது பக்கம் இறுக்கிப் பிடிச்சுது, 17-ல காம்பு மட்டும் தடையில்லாம போயிட்டு வந்துச்சு. ரெண்டு பக்கமும் 17.

இழுக்கிற பலத்துக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னேன், ஏத்திக்கிட்டே போங்க, லேசா உறுத்துச்சுன்னா ஒரு படி இறக்கிடுங்க, அதான் உங்க உச்சம். 4-ல நின்னாங்க. முதல் ரெண்டு நிமிஷம் வேகமா லேசா இழுக்கிற மசாஜ் மோட், பால் இறங்க ஆரம்பிச்சதும் அடுத்த மோட், மொத்தம் 15 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். பம்ப் பாகங்கள பாத்திர லிக்விட் போட்டுக் கழுவினா அது போக நல்லா அலசணும், அந்த மிச்சமும் தோல உறுத்தும்.

மார்புல வெக்கிற பேட் இன்னொரு சின்ன விஷயம். பிளாஸ்டிக் அடி போட்ட பேட நனைஞ்சும் மாத்தாம வேலை மும்முரத்துல நாலு மணி நேரம் வெச்சிருந்திருக்காங்க, ஈரத்துல ஊறின தோல் சீக்கிரம் கிழியும். பேட் புதுசா வாங்கித் தர்றேன்னு நான் சொன்னதுக்குச் சிரிச்சாங்க. ஆபீஸ்ல கட்டிங் டேபிள் வெட்டுத் துண்டுல சாயம் போடாத வெள்ளை காட்டன் பனியன் துணிய ரெண்டு மடிப்பா வட்டம் வெட்டி ஓரம் அடிச்சு 20 எடுத்துட்டு வந்துட்டாங்க. கடையில கிடைக்கிறத விட நல்லா இருந்துச்சு, உண்மையாவே.

அடுத்து நடந்தது

அரிப்பு ரெண்டாவது நாளே பாதியாச்சு, எரிச்சல் நாலாவது நாள். 17 இன்சர்ட்ல முதல் நாள் பம்ப் பண்ணப்ப 15 நிமிஷத்துல ரெண்டு பக்கமும் சேர்த்து 70 மில்லி, ஒரு வாரத்துல 100-லருந்து 110. முன்ன 35 நிமிஷத்துக்கு 60. வேற எதுவும் புதுசா சாப்பிடல, பூண்டு, சுறாப்புட்டு எல்லாம் முன்னயும் இருந்துச்சு, ஆகவே கூடினது புனலாலயும் வலி போனதாலயும்னுதான் நான் நம்புறேன்.

ஒன்பதாவது நாள் தோல் சரியாச்சு, ஸ்டீராய்டு 7 நாளோட நின்னுடுச்சு, திரும்ப வரல. தோல் ஆறினப்புறம் குழாய் உரசலுக்கு வீட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு புனல் உள்ளுக்குள்ள தடவச் சொன்னேன், அதையும் முதல்ல முன்கையில ரெண்டு நாள் தடவிப் பார்த்துட்டுத்தான்.

ஆபீஸ்ல வேற ஒரு மாத்தம். அவங்க மேலாளர் ஒரு அம்மா, அவங்ககிட்ட நேரடியா பேசினப்ப "எனக்கும் பால் கட்டிக்கிட்டு ஜாக்கெட் நனைஞ்சு பாத்ரூம்ல நின்னிருக்கேன்"ன்னு சொல்லி, காலையில 11, மதியம் 3, ரெண்டு நேரம் சாம்பிள் ரூம யாரும் தட்டக்கூடாதுன்னு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. சட்டம் சொன்ன அதே ரெண்டு இடைவேளை, சட்டத்தோட பேரு சொல்லாம கிடைச்சுது. லீவு விஷயம் அப்படியேதான் இருக்கு, அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியல.

குழந்தை 6 மாசம் முழுக்க தாய்ப்பால் மட்டும், பம்ப் 8 மாசம் வரைக்கும். நடுவுல ஒரு தடவ, பல் முளைக்கும்போது கடிச்சு மேல்பக்கம் ஒரு சின்னக் காயம் ஆச்சு. இந்தத் தடவ மெடிக்கல் ஷாப்புக்கு யாரும் போகல, எனக்கும் போன் வரல, ஆறினப்புறம்தான் சொன்னாங்க.

இனி மாத்துறது

முதல் விஷயம், 12-ஆவது நாள் வெடிப்பு ஆறினதும் கேஸ முடிச்சது. இவங்க சீக்கிரமா வேலைக்குப் போவாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும், ஒரு 8-ஆவது வாரம் கூப்பிட்டு பம்ப் எப்ப வாங்கறீங்கன்னு கேட்டிருந்தா இந்த எழுத்தே தேவப்பட்டிருக்காது. இப்ப வேலைக்குப் போறவங்க எல்லாருக்கும் பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ வரச் சொல்றேன்.

ரெண்டாவது, போட்டோவப் பார்த்துப் பேர் வெக்கிறது. போட்டோவுல சிவப்பு தெரியும், அரிப்பு தெரியாது, எல்லை தெரியாது, எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியாது. நான் 'இருக்கலாம்'னு சொன்ன வார்த்தை ரெண்டு பேர் வாய் மாறி மெடிக்கல் ஷாப்புக்குப் போகும்போது 'பூஞ்சைக்கு க்ரீம்'னு ஆயிடுச்சு. இப்ப போன்ல நோய்ப் பேர் எதுவும் சொல்றதில்ல, க்ரீம் எதுவும் போடாதீங்க, வாங்கன்னு மட்டும் சொல்றேன், வரவே முடியலன்னா வீடியோ காலாவது, பம்ப் ஓடிக்கிட்டு இருக்கும்போது. குழந்தை பிடிக்கிறதப் பார்க்காம காம்பு வலிக்கு ஆலோசனை சொல்லக்கூடாதுன்னு ஜூனியர்களுக்கு வருஷக்கணக்கா பாடம் எடுத்தவ நான், பம்புக்கும் ஒரு வாய் இருக்கு, அதுவும் பிடிக்குது, அதையும் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

மூணாவது, மருந்துக்கு கேட்டுச்சா இல்லையாங்கறத வெச்சு நோய உறுதி பண்றது. என்ன மருந்து, உள்ள என்னென்ன இருக்குன்னு ட்யூப் படம் அனுப்பச் சொல்லியிருந்தா மூணாவது நாளே புரிஞ்சிருக்கும்.

கேஸ் ஷீட்லயும் ரெண்டு வரி சேர்த்திருக்கேன், சின்ன வயசுல தோல் அரிப்பு உண்டாங்கறது ஒண்ணு, காம்பு அளவு மில்லிமீட்டர்ல, இடது வலது தனித்தனியாங்கறது இன்னொண்ணு. அளக்கிறதுக்கு முன்னாடி நான் ஸ்கேல வெச்சுத் தடுமாறுறதப் பார்த்துட்டு, அந்தப் பொண்ணே போன மாசம் ஒரு அட்டை கொண்டு வந்து கொடுத்தாங்க. சாம்பிள் ரூம்ல பேட்டர்ன் வெட்டுற அட்டை, 15, 17, 19, 21, 24-னு வட்ட ஓட்டை போட்டு, ஓரம் குத்தாம மழுங்கடிச்சு, துடைக்கிற மாதிரி லேமினேட் பண்ணது. பையிலயே வெச்சிருக்கேன். 13 இல்லாம ரெண்டு தடவ சிரமப்பட்டேன், கேட்டிருக்கேன், அடுத்த ஷிப்மெண்ட் முடிஞ்சதும் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.